பொருள் நம்ம வீட்டில், சாவி யார் கையில்?

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக் கலந்து பேசவும்.)



களை எடுக்கிற நேரத்தில் ஒரு நாள் கூலியை விட்டுட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கீங்க. அதனால சுத்தி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

அடுத்த மாதம் நம் செயற்குழுவில் ஒரு தீர்மானம் வரப்போகிறது. மசாலாப் பொடி போடுகிற நம்ம குழுக்களுக்கு அரவை இயந்திரம் வேண்டும். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, வங்கிக் கடன் வாங்கி சாதாரண இயந்திரத்தை விலைக்கு வாங்குவது. இன்னொன்று, ஒரு கம்பெனி மாத வாடகைக்குத் தருகிற 'ஸ்மார்ட்' இயந்திரத்தை எடுப்பது. முன்பணம் இல்லை. ரிப்பேர் அவங்களே பார்ப்பாங்க. பழசானால் எடுத்துக்கொண்டு வேறு தருவாங்க. "குப்பையே சேராதும்மா, இதுக்குப் பேருதான் சுழற்சிப் பொருளாதாரம்" என்று போன மாதம் வந்தவர் சொன்னார். எல்லோரும் கை தட்டினோம். நானும்தான் தட்டினேன்.

அப்போது பின்வரிசையில் இருந்து ஒரு அக்கா கேட்டாங்க: "வாடகை கட்ட ஒரு மாசம் தாமதமானா என்ன தம்பி ஆகும்?" அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "யாரும் வீட்டு வாசல்ல வந்து நிக்க மாட்டாங்கம்மா. மெஷினே தானா நின்னுடும். பணம் கட்டினதும் தானா ஓடும்."

அந்த ஒரு பதில் எனக்கு அன்று ராத்திரி தூக்கம் தரவில்லை. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

சுழல்நிதி தெரிந்தவர்களுக்கு இது புதுசு இல்லை

சுழற்சிப் பொருளாதாரம் என்றதும் பயந்துவிடாதீங்க. நம்ம குழுவுக்குச் சுழல்நிதி வந்தது நினைவு இருக்கா? ஒருத்தர் கடன் வாங்கி, திருப்பிக் கட்டி, அதே பணம் அடுத்தவருக்குப் போகும். பணம் சுற்றிக்கொண்டே இருக்கும், தீர்ந்து போகாது. அதையே பணத்துக்குப் பதில் பொருளில் செய்தால் அது சுழற்சிப் பொருளாதாரம். வாங்கு, உபயோகி, தூக்கி எறி என்று இல்லாமல், பழுது பார், பகிர்ந்துகொள், அடுத்தவருக்குக் கொடு, கடைசியில் உருக்கி மறுபடி பொருளாக்கு. அவ்வளவுதான்.

நம்ம பாட்டி இதைப் படிக்காமலே செய்தாள். பழைய சேலை தொட்டிலாகும், பிறகு கரித்துணியாகும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவாங்க. பழைய துணியைப் போட்டு எவர்சில்வர் டம்ளர் வாங்குவாங்க. 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த கலர் டி.வி.யும், 2011-க்குப் பிறகு கொடுத்த மிக்ஸியும் கிரைண்டரும் எத்தனை வீட்டில் பெல்ட் மாற்றி, புஷ் மாற்றி ஓடின! கடைத்தெருவில் இருக்கிற அண்ணன் திருப்புளியை வைத்துத் திறந்தார், சரி செய்தார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஏன்? பொருளும் நம்முடையது, அதைத் திறக்கிற உரிமையும் நம்முடையது.

வாடகைக்கு எடுப்பது தப்பா என்றால், தப்பு இல்லை. நம்ம கூட்டமைப்பே பாத்திர வாடகைத் தொழில் செய்கிறது. அண்டா, குண்டான், நாற்காலி எல்லாம் கல்யாண வீட்டுக்குப் போய் வருகிறது. திரும்பி நம்மிடமே வரும் என்பதால் மெல்லிய தகடு வாங்காமல் கனமான பாத்திரமாகப் பார்த்து வாங்கினோம், இல்லையா? பெரிய கம்பெனிகளும் அப்படிச் செய்கின்றன. நெதர்லாந்து நாட்டில் ஸ்கிபோல் விமான நிலையத்தில் 2015-இல் பிலிப்ஸ் கம்பெனி ஓர் ஏற்பாடு செய்தது. விளக்குகள் பிலிப்ஸுக்கே சொந்தம். விமான நிலையம் வெளிச்சத்துக்கு மட்டும் காசு கொடுக்கும். விளக்கு கெட்டால் நஷ்டம் கம்பெனிக்கு. அதனால் நீண்ட நாள் உழைக்கிற, எளிதாகப் பழுது பார்க்கிற விளக்காகச் செய்து போட்டார்கள். இது நல்ல விஷயம்தான்.

ஆனால் நம்ம அண்டாவுக்கும் இந்தக் காலத்துப் பொருளுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அண்டாவுக்குக் காது கிடையாது, வாய் கிடையாது. எத்தனை பேருக்குச் சோறு வடித்தார்கள் என்று அண்டா நம்மிடம் வந்து சொல்லாது. வாடகை பாக்கி என்று பந்தி நடுவில் மூடிக்கொள்ளவும் செய்யாது. ஸ்மார்ட் பொருளுக்கு இரண்டும் உண்டு. உள்ளே ஒரு சிப், சில சமயம் ஒரு சிம். நாம் செய்வதை அது கம்பெனிக்குச் சொல்லும். கம்பெனி சொல்வதை அது கேட்கும்.

சத்தம் போடுகிற பெட்டி

நம்ம உறுப்பினர் ஒருவர் பஸ் ஸ்டாப் பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருக்காங்க. பணம் வந்தால் சத்தமாகச் சொல்கிற பெட்டி ஒன்றைக் கொண்டு வந்து வைத்தார்கள். மாசம் 125 ரூபாய் வாடகை என்பது அவங்களுக்குத் தெரியாது. மருமகள் பிரசவத்துக்காக இரண்டு மாசம் கடை அடைத்தாங்க. வாடகை மட்டும் கணக்கில் இருந்து போய்க்கொண்டே இருந்தது. சரி, வேறு கம்பெனிக்கு மாறலாம் என்றால் அந்தப் பெட்டி அதற்கு வேலை செய்யாது. "என் கடையில, என் மேஜை மேல, என் கரண்ட்டுல ஓடுது. ஆனா என் பேச்சை மட்டும் கேக்க மாட்டேங்குது" என்றார். இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது.

நான் செய்த தப்பு

அடுத்தவரைச் சொல்லிவிட்டு என்னை விட்டுவிட்டால் நியாயம் இல்லை. ஒரு குழுவுக்குக் கணக்கு எழுதவும் ரசீதுகளைப் படம் எடுத்து வைக்கவும் ஒரு போன் வாங்கினோம். காசு குழுவுடையது. பில் குழு பேரில். ஆனால் கடையில் அவசரமாக, கூகுள் கணக்கை என் நம்பர் போட்டு நான் திறந்தேன். பாஸ்வேர்டை எங்கும் எழுதி வைக்கவில்லை. ஒரு வருஷம் கழித்து என் நம்பரை மாற்றிவிட்டேன்.

ஒரு நாள் அந்த போனில் பேட்டர்ன் மறந்துபோய், கடைப் பையனிடம் கொடுத்து பட்டனை அழுத்தி எல்லாவற்றையும் அழித்துத் திறக்கப் பார்த்தாங்க. போன் பழைய கூகுள் கணக்கைக் கேட்டது. கணக்கு ஓ.டி.பி. கேட்டது. ஓ.டி.பி. போகிற நம்பர் இப்போது யாரிடம் இருக்கிறதோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். பில் பத்திரமாக இருந்ததால் சர்வீஸ் சென்டரில் பூட்டை எடுத்துக் கொடுத்தார்கள். ஆனால் 14 மாத ரசீதுப் படங்கள் போனது போனதுதான். தணிக்கை நேரத்தில் அந்தக் குழு எவ்வளவு சிரமப்பட்டது என்று அவங்களுக்குத் தெரியும். இன்று அவங்க முன்னால் மறுபடி மன்னிப்புக் கேட்கிறேன்.

அன்று எனக்குப் புரிந்தது இதுதான்: சொந்தம் என்பது வேறு, கட்டுப்பாடு என்பது வேறு. பில்லில் யார் பேர் இருக்கிறதோ அவர் சொந்தக்காரர். பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறதோ அவர் கையில்தான் சாவி.

கென்யாவின் விளக்கு

இதன் நல்லது கெட்டது இரண்டையும் தெரிந்துகொள்ள ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டைப் பார்க்கலாம். அங்கே கிராமங்களில் அப்போது மண்ணெண்ணெய் விளக்குதான் அதிகம். எம்-கோப்பா என்ற கம்பெனி 2012-இல் சோலார் விளக்கு விற்க ஆரம்பித்தது. கோப்பா என்றால் சுவாஹிலி மொழியில் கடன் வாங்கு என்று அர்த்தம். ஏறக்குறைய 3,000 ஷில்லிங் முன்பணம், அப்புறம் தினம் 50 ஷில்லிங், ஒரு வருஷம் கட்டினால் சொந்தம். போனிலேயே பணம் அனுப்பலாம். பெட்டிக்குள் சிம் இருக்கும். பணம் வந்தால் விளக்கு எரியும், வராவிட்டால் எரியாது.

மொத்தமாகக் காசு கொடுக்க முடியாத வீட்டுக்கும் வெளிச்சம் வந்தது. பிள்ளைகள் புகையில்லாமல் படித்தார்கள். அடமானம் கேட்கவில்லை, ஜாமீன் கேட்கவில்லை. பெட்டியே ஜாமீன். இது நல்லது. ஆனால் மழை பொய்த்து, கூலி இல்லாத வாரம் எது? அந்த வாரம்தான் வீட்டில் இருட்டு. கஷ்டம் வருகிற நேரம் பார்த்து பொருள் கைவிடும். நம்ம குழுவில் ஒருத்தர் தவணை கட்ட முடியாவிட்டால் என்ன செய்கிறோம்? காரணம் கேட்கிறோம், ஒரு மாதம் தள்ளிக் கொடுக்கிறோம், அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுகிறோம். பெட்டிக்குள் இருக்கிற சிம் காரணம் கேட்காது.

முழுக் காசு கொடுத்தும் பூட்டு

"அப்ப முழுக் காசு கொடுத்து வாங்கிட்டா பிரச்சினை இல்லையே" என்று நினைப்பீங்க. அமெரிக்க விவசாயிகளைக் கேளுங்கள். அவர்கள் லட்ச லட்சமாய்க் கொட்டி வாங்கிய டிராக்டருக்குள் கம்ப்யூட்டர். ஏதாவது கோளாறு என்றால் அதைப் பார்க்க மென்பொருள் வேண்டும். முழுமையான மென்பொருள் கம்பெனியின் டீலரிடம் மட்டும்தான் இருக்கிறது, அறுவடை நேரத்தில் அவருக்காகக் காத்துக்கிடக்கிறோம் என்பது விவசாயிகளின் புகார். கொலராடோ மாநிலம் 2023-இல் விவசாய இயந்திரங்களைப் பழுது பார்க்கும் உரிமைக்குத் தனிச் சட்டம் போட்டது. 2025 ஜனவரியில் அந்நாட்டு அரசின் வணிக ஆணையமே ஜான் டியர் கம்பெனி மேல் வழக்குப் போட்டது.

நமக்கு நெருக்கமான உதாரணம் ட்ரோன். 2023 நவம்பரில் மத்திய அமைச்சரவை நமோ ட்ரோன் தீதி திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2023-24 முதல் 2025-26 வரை 15,000 மகளிர் குழுக்களுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன். விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் மானியம் என்று அறிவித்தார்கள். ஓர் உறுப்பினருக்கு 15 நாள் பயிற்சி, கூடுதல் பேட்டரி, ஒரு வருஷ வாரண்டி, இரண்டு வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம் என்று தொகுப்பாகவே வைத்திருந்தார்கள். குழுப் பெண் வானத்தில் இயந்திரம் ஓட்டுவது நமக்கெல்லாம் பெருமை. ஆனால் வாங்கிய குழுவினர் கேட்டு வைக்க வேண்டிய கேள்விகளும் உண்டு. பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்த பிறகு யார் பழுது பார்ப்பார்? பேட்டரி வெளியே கிடைக்குமா? செயலியின் பாஸ்வேர்டு குழுவிடமா, பயிற்சி எடுத்த ஒருத்தரிடம் மட்டுமா? எத்தனை ஏக்கர் தெளித்தோம் என்ற கணக்கை நாம் எடுத்துப் பார்க்க முடியுமா? அந்தக் கணக்கு இருந்தால்தானே அடுத்த கடனுக்கு வங்கியிடம் காட்டலாம்!

சட்டம் எந்தப் பக்கம்?

நம் நாட்டில் நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளமும் திறந்தது. விவசாயக் கருவிகள், செல்போன் போன்ற மின்னணுப் பொருட்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் இந்த நாலும் அதில் அடக்கம். பொருளில் குறை, சேவையில் குறை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

போனிலேயே கடன் தருகிற செயலிகளுக்கு ரிசர்வ் வங்கி 2022-இல் விதிமுறை கொண்டுவந்தது. கடன் தருகிறேன் என்று நம் போனில் இருக்கிற நம்பர்களையும் படங்களையும் எடுக்கக் கூடாது. கடன் கொடுக்கும் முன் வட்டி, கட்டணம், தாமதத்துக்கு அபராதம் எல்லாம் அடங்கிய முக்கிய விவர அறிக்கையை, கடன் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் தர வேண்டும் என்றும் விதி இருக்கிறது. அதனால் தவணையில் போன் வாங்கப் போனால், "தமிழ்ல தாங்க, படிச்சுட்டுக் கையெழுத்துப் போடறேன்" என்று தைரியமாகக் கேளுங்கள். நாம் கேட்கிறது சலுகை இல்லை, உரிமை.

ஐரோப்பிய நாடுகளில் 2025 செப்டம்பர் 12 முதல் இன்னொரு சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. இணையத்தோடு சேர்ந்த ஒரு பொருள் சேகரிக்கிற தகவலை, அதை உபயோகிப்பவர் கேட்டுப் பெறலாம். சொந்தக்காரராக இருந்தாலும் சரி, வாடகைக்கு எடுத்தவராக இருந்தாலும் சரி. வெளி மெக்கானிக்குக் கொடு என்றும் சொல்லலாம். நம் இயந்திரத்துக்கு அங்குள்ள சட்டம் செல்லாது. ஆனால் ஒப்பந்தத்தில் அதையே கேட்டு எழுதி வாங்க யார் தடுக்கிறது?

கையெழுத்துக்கு முன் ஏழு கேள்வி

எந்த ஸ்மார்ட் பொருளானாலும், வாங்கும் முன் குழுவில் உட்கார்ந்து இவற்றைக் கேளுங்கள்:

1. பொருள் யாருக்குச் சொந்தம்? தவணை முடிந்தால் நமக்கு வருமா, வராதா? எந்தத் தேதியில்?
2. பாஸ்வேர்டு, பதிவு நம்பர் யார் பேரில்? குழுவின் சிம்மில்தான் பதிய வேண்டும். ஊக்குநர் பேரிலோ, என்னைப் போன்ற பணியாளர் பேரிலோ வேண்டாம்.
3. தூரத்தில் இருந்து நிறுத்த முடியுமா? முடியும் என்றால் எத்தனை நாள் அவகாசம்? முன்கூட்டி யாருக்குச் சொல்வார்கள்?
4. வெளி மெக்கானிக் திறக்கலாமா? உதிரி பாகம் வெளியே கிடைக்குமா?
5. நம் வேலைக் கணக்கு யாரிடம் போகிறது? நமக்கும் தருவார்களா?
6. கம்பெனி மூடிவிட்டால், இணையம் இல்லாவிட்டால் பொருள் ஓடுமா?
7. வேண்டாம் என்றால் எப்படித் திருப்பிக் கொடுப்பது? பழசானால் யார் எடுத்துப் போவார்?

ஏழாவது கேள்வி நம் மண்ணுக்கானது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிற மின்கழிவு விதிகளின்படி, பழைய மின்னணுப் பொருட்களை மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. பேட்டரிக்கும் 2022-இல் அப்படி விதி வந்துவிட்டது. ஏரிக்கரையில் கொட்டுவதும் எரிப்பதும் வேண்டவே வேண்டாம்.

போனைக் கைமாற்றும்போது

இன்றைக்கே செய்யக்கூடிய வேலை இது. பழைய போனை மகளுக்குக் கொடுத்தாலும், விற்றாலும், முதலில் செட்டிங்கில் போய் உங்கள் கூகுள் கணக்கை நீக்குங்கள். அப்புறம்தான் எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். வரிசை மாறினால் என் கதைதான். சிம், மெமரி கார்டைக் கழற்றுங்கள். பில்லைப் போனோடு சேர்த்துக் கொடுங்கள்.

பழைய போன் வாங்குபவர்கள் ஸ்டார், ஹேஷ், 06, ஹேஷ் என்று அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். அது உண்மையான போனா, திருட்டுப் போன் என்று தடை செய்யப்பட்டதா என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். உங்கள் போன் தொலைந்தால் அதே தளத்தில் அதை முடக்கவும் முடியும். பாருங்கள், பூட்டு என்பதே கெட்டது இல்லை. திருடனிடம் இருந்து காப்பாற்றுவதும் பூட்டுதான். சாவி நம் கையில் இருக்கிற பூட்டு காவல். அடுத்தவர் கையில் இருக்கிற பூட்டு சிறை.

முடிவு உங்களுடையது

அரவை இயந்திரத்துக்கு வருகிறேன். வாடகைக்கு எடுக்காதீங்க என்று நான் சொல்லவில்லை. கடன் சுமை இல்லாமல் தொழில் தொடங்க அது ஒரு வழி. ஆனால் மூன்று வரிகளை ஒப்பந்தத்தில் எழுதித் தந்தால்தான் கையெழுத்து என்று செயற்குழுவில் பேசுவோம். ஒன்று, வாடகை தாமதமானால் எழுத்தில் அறிவிப்புத் தந்து 30 நாள் கழித்துத்தான் நிறுத்த வேண்டும். பொங்கல், தீபாவளி மசாலா விற்பனை நேரத்தில் நிறுத்தவே கூடாது. இரண்டு, அரவைக் கணக்கு மாதாமாதம் கூட்டமைப்புக்கும் வர வேண்டும். மூன்று, 3 நாளில் அவர்கள் ஆள் வராவிட்டால் நம்ம ஊர் மெக்கானிக் திறக்கலாம்.

எழுதித் தர மாட்டோம் என்றால், அதுவே நமக்கு ஒரு பதில். அப்போது வங்கிப் பக்கம் போவோம். சாதாரண இயந்திரம் வாயில்லாத ஜீவன்தான். ஆனால் அதன் சாவி நம் முந்தானையில் இருக்கும்.

போன மாதம் கேள்வி கேட்ட அந்த அக்கா கையெழுத்து போடக் கற்றுக்கொண்டதே நம் குழுவுக்கு வந்த பிறகுதான். எம்.எஸ்.டபிள்யூ. படித்த எனக்குத் தோன்றாத கேள்வி அவங்களுக்குத் தோன்றியது. தவணை தவறினால் என்ன ஆகும் என்பதை அவங்க வாழ்ந்து பார்த்திருக்காங்க. உங்கள் ஒவ்வொருவரிடமும் அப்படி ஒரு கேள்வி இருக்கும். அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, பிரதிநிதி கையில் கொடுத்து அனுப்புங்கள்.